வரைவிலேயே எடுத்துப் போட்ட வெப் வசதிகள்: உடைந்ததைச் சரிசெய்யவும் இனி உடையாமல் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் பதிப்பை 20-லிருந்து 22-க்கு ஏற்றிய அன்று ராத்திரி என் பில்ட் படுத்துவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல். ஜேசான் கோப்பை இம்போர்ட் செய்யும் வரியின் கடைசியில் ‘அசர்ட்’ என்று எழுதி வைத்திருந்தேன், அங்கே இப்போது ‘வித்’ என்று இருக்க வேண்டுமாம். எழுதியபோது அது சரியான கோட்தான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நிர்வகிக்கும் டிசி39 குழுவில் அந்த முன்மொழிவு மூன்றாம் கட்டத்தில் இருந்தது, குரோம் 91 அதை 2021-லேயே வெளியிட்டிருந்தது. மூன்றாம் கட்டம் என்றால் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று எல்லாரும் நினைத்தோம், நானும்தான். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. ‘அசர்ட்’ என்றால் கோப்பு வந்த பிறகு அதன் வகையைச் சரிபார்ப்பது மட்டும்தான். ஆனால் பிரவுசருக்கு அந்த வகை கோப்பைக் கேட்கும்போதே தெரிய வேண்டியிருந்தது. அர்த்தம் மாறியதால் சொல்லையும் மாற்றினார்கள். குரோம் 126-ல் பழைய சொல் போயேவிட்டது.

நான் மாற்ற வேண்டியிருந்தது நான்கு கோப்புகள்தான், பத்து நிமிட வேலை. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒன்றரை மணி நேரம் போனது. இந்த வழிகாட்டி இரண்டு வேலைக்கு உதவும்: ஏற்கெனவே உங்கள் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வரைவுக் கோடை (தரநிலை முடியும் முன்பே அதன் வரைவை நம்பி எழுதியதை) கண்டுபிடித்துச் சரிசெய்வது, இனிமேல் புது வசதியை எடுக்கும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது. குறியீட்டுச் சொற்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

வேலைக்குள் இறங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், பின்னால் வரும் பாதி விஷயங்களுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

வரைவை அவசரமாக எடுப்பது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, எக்ஸ்எம்எல்லை வடிவம் மாற்றிக் காட்டும் எக்ஸ்எஸ்எல் மொழியை 1998 டிசம்பர் வரைவைப் பார்த்துச் செய்தது. இறுதித் தரநிலை 1999 நவம்பரில் வந்தபோது கட்டளைகளும் மாறியிருந்தன, கோப்பின் தலையில் எழுத வேண்டிய நேம்ஸ்பேஸ் முகவரியும் மாறியிருந்தது. நம் ஊர்ப் பக்கம் இதே மாதிரி எழுத்துருவில் பட்டோம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னால், எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப நெட்ஸ்கேப் ஒரு கோப்பு வகை வைத்திருந்தது, மைக்ரோசாஃப்ட் இன்னொன்று. ஒன்றுக்கு மட்டும் செய்திருந்த தமிழ்த் தளத்தை மற்றதில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொம்புமாக ஒரு கிறுக்கல்தான் தெரியும்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் முன்னொட்டு. சோதனையில் இருக்கும் சிஎஸ்எஸ் வசதிக்கு முன்னால் ‘-வெப்கிட்-’, ‘-மாஸ்-’, ‘-எம்எஸ்-’, ‘-ஓ-’ என்று அந்தந்த பிரவுசர் தன் அடையாளத்தைப் போட்டுக்கொள்ளும், வரைவு முடிந்ததும் அதை எடுத்துவிடும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஐபோன் வந்த பிறகு மொபைல் தளம் கட்டியவர்கள் ‘-வெப்கிட்-’ வரியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பல தளங்கள் மற்ற பிரவுசர்களில் அலங்கோலமாகத் தெரிந்தன, பயனர்கள் பிரவுசரைத்தான் திட்டினார்கள். 2012 பிப்ரவரியில் சிஎஸ்எஸ் பணிக்குழுவின் இணைத் தலைவர் டேனியல் கிளாஸ்மன், தயவுசெய்து ஒரே ஒரு முன்னொட்டை நம்பி எழுதாதீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். பலனில்லை. அந்த ஏப்ரலிலேயே ஓபரா தன் மொபைல் எமுலேட்டரில் சில ‘-வெப்கிட்-’ பண்புகளைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. 2015-ல் வந்த எட்ஜும் அப்படியே செய்தது. 2016 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 49-ம் இறங்கி வந்தது. இப்போது அந்த ‘-வெப்கிட்-’ பெயர்களுக்கென்றே தனியாக ஒரு தரநிலை ஆவணம் இருக்கிறது. தற்காலிகமாகப் போட்ட கொட்டகைக்குப் பட்டா கொடுத்த கதை.

இதில் பாடம் படித்த குரோம் அணி 2013 ஏப்ரலில், பக்கத்தை வரையும் தன் பிளிங்க் எஞ்சினை வெப்கிட்டிலிருந்து தனியாகப் பிரித்தபோதே, இனிப் புது முன்னொட்டு கிடையாது, சோதனை வசதிகள் ஃபிளாக்குக்குப் (வேண்டுமென்றே ஆன் செய்ய வேண்டிய சுவிட்ச்) பின்னால்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டது. 2016-ல் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டும் அந்த வழிக்கு வந்தது.

படி 1: உங்கள் கோடில் வரைவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்

புராஜெக்ட் ஃபோல்டர் முழுக்க ஒரு தேடல் ஓட்டுங்கள். சிஎஸ்எஸ்ஸில் அந்த நான்கு முன்னொட்டுகள். ஜாவாஸ்கிரிப்டில் ‘வெப்கிட்’ அல்லது ‘மாஸ்’ என்று தொடங்கும் மெத்தட் பெயர்கள். இம்போர்ட் வரிகளில் ‘அசர்ட்’. கூகுளின் பாலிமர் லைப்ரரியில் எழுதிய பழைய புராஜெக்ட் என்றால் ‘கிரியேட்ஷேடோரூட்’, ‘ரெஜிஸ்டர்எலிமென்ட்’ இரண்டும். இவை வெப் கம்போனன்ட்ஸின் (சொந்தமாக எச்டிஎம்எல் டேக் உருவாக்கும் வசதி) முதல் வரைவில் இருந்தவை, குரோம் மட்டுமே வெளியிட்டது, குரோம் 80-ல் அதுவும் தூக்க ஆரம்பித்துவிட்டது. யூடியூபின் 2017 வடிவமைப்பே இந்தப் பழைய வரைவில்தான் நின்றது. ஃபயர்ஃபாக்ஸிலும் அப்போதைய எட்ஜிலும் அது பாலிஃபில் (இல்லாத வசதியை ஈடுகட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கோடு) வழியாக ஓட வேண்டியிருந்ததால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று மொசில்லாவில் இருந்த ஒருவர் 2018-ல் பொதுவெளியிலேயே எழுதினார். அவ்வளவு பெரிய அணியே மாட்டிக்கொள்ளும்போது நாமெல்லாம் எம்மாத்திரம்.

சமீபத்தில் எழுதிய கோடையும் விட்டுவிடாதீர்கள். பழைய ஆட்கள்தான் இப்படிச் செய்தார்கள் என்று நினைத்தால் 2024-ஐப் பாருங்கள். ஆங்கர் பொசிஷனிங் வசதியை குரோம் 125 வெளியிட்டபோது, ஒரு பெட்டியை இன்னொன்றின் எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லும் பண்புக்கு ‘இன்செட்-ஏரியா’ என்று பெயர். சில மாதங்களிலேயே பணிக்குழு அதை ‘பொசிஷன்-ஏரியா’ என்று மாற்றியது, குரோம் 129-ல் புதுப் பெயர் வந்தது. 125 வெளிவந்த வாரத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் கட்டுரைகள் இன்னும் தேடலில் வருகின்றன. அதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவர்களின் டூல்டிப் இப்போது எங்கேயோ மூலையில் போய் உட்கார்ந்திருக்கும்.

தேடிக் கிடைத்ததையெல்லாம் உடனே அழித்துவிடாதீர்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: செத்துப்போனது, மாற்ற வேண்டியது, அப்படியே இருக்க வேண்டியது. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

உதாரணமாக, செய்தித் தலைப்பை மூன்று வரியோடு நிறுத்திக் கடைசியில் மூன்று புள்ளி போடும் வேலை. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் கார்டு வடிவமைப்பில் நமக்கு இது ரொம்பவே தேவைப்படும். அதற்கு மூன்று வரிகள் சேர்ந்தே இருக்க வேண்டும்: ‘டிஸ்பிளே’ மதிப்பாக ‘-வெப்கிட்-பாக்ஸ்’, ‘-வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட்’ மதிப்பாக ‘வெர்டிக்கல்’, அப்புறம் ‘-வெப்கிட்-லைன்-கிளாம்ப்’. முதல் இரண்டும் 2009 ஃப்ளெக்ஸ்பாக்ஸ் வரைவின் மிச்சம், அந்த வரைவு செத்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் இந்த ஒரு வேலைக்காக உயிரோடு வைத்திருக்கிறார்கள், ஃபயர்ஃபாக்ஸ் கூட 68-வது பதிப்பில் இதே முன்னொட்டோடு எடுத்துக்கொண்டது. முன்னொட்டுகளைத் தானாகச் சேர்க்கும், நீக்கும் ஆட்டோபிரிஃபிக்ஸர் கருவியின் பழைய பதிப்புகளுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பழைய முன்னொட்டு என்று நினைத்து நடுவில் இருக்கும் ‘ஓரியன்ட்’ வரியை மட்டும் தூக்கிவிடும். உங்கள் கணினியில் சரியாக இருக்கும், லைவில் போட்டதும் தலைப்பு பத்து வரிக்கு ஓடும். அந்த வரிக்கு மேலே அடுத்த வரியைத் தொடாதே என்று ஆட்டோபிரிஃபிக்ஸருக்குச் சொல்லும் கமென்ட் போட வேண்டும்.

படி 2: மாற்ற வேண்டியதை மாற்றுங்கள், பெயரை மட்டும் அல்ல

பலர் செய்யும் தப்பு, ‘-வெப்கிட்-’ என்பதைத் தேடி வெற்றிடமாக மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவது. வரைவுக்கும் இறுதிக்கும் இடையே பெயர் மட்டும் மாறுவதில்லை, கணக்கும் மாறும். இதற்கு கிரேடியன்ட்டை விட நல்ல உதாரணம் கிடையாது.

பழைய ‘-வெப்கிட்-லீனியர்-கிரேடியன்ட்’டுக்குள் ‘டாப்’ என்று எழுதினால் நிறம் மேலிருந்து தொடங்குகிறது என்று பொருள். இறுதித் தரநிலையில் நிறம் எங்கே போய்ச் சேருகிறது என்று சொல்ல வேண்டும், அதனால் அதே கிரேடியன்ட் ‘டு பாட்டம்’ ஆகிவிடும். இது சுலபம், ‘டு’ இல்லாமல் எழுதினால் புது பிரவுசர் அந்த வரியையே ஏற்காது, தப்பு உடனே தெரிந்துவிடும். கோணம் அப்படி இல்லை. பழைய கணக்கில் 0 டிகிரி என்றால் வலப்பக்கம், பள்ளிக்கூட வடிவியல் மாதிரி இடஞ்சுழியாக ஏறும். புதுக் கணக்கில் 0 என்றால் நேர் மேலே, கடிகாரம் போல வலஞ்சுழி. இரண்டு பிரவுசரும் எண்ணைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு வேறு வேறு திசையில் நிறம் பூசும். மாற்றும் சூத்திரம் எளிது: 90-லிருந்து பழைய கோணத்தைக் கழியுங்கள். பழைய 0 இப்போது 90. பழைய 90 இப்போது 0. பழைய மைனஸ் 45 இப்போது 135.

சரி, பழைய 45? 90-லிருந்து 45 போனால் 45. மாறவே இல்லை! இங்கேதான் நான் மாட்டினேன். ஒரு துணிக்கடைக்குச் செய்த தளத்தில் முன்னொட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு முகப்புப் பேனரைப் பார்த்தேன், அச்சு அசலாக அப்படியே இருந்தது, கை தட்டிக்கொண்டு மூடி வைத்தேன். பேனர் கோணம் 45. உள்பக்கத்து விலைப்பட்டி 180-ல் இருந்தது, அது வலமிருந்து இடமாகப் போவதற்குப் பதில் மேலிருந்து கீழாக விழுந்து, வெள்ளை எழுத்து வெளிர்மஞ்சள் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார், “தம்பி, விலை தெரியலையே” என்று. அவர் சொன்ன பிறகுதான் எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன்.

ஃப்ளெக்ஸ்பாக்ஸிலும் இதே கூத்து. 2009-ல் ஒரு இலக்கணம், 2011-ல் ஒன்று, 2012-ல் இன்னொன்று என்று மூன்று முறை மாறியது. 2012 மார்ச் வரைவைப் பார்த்துச் செய்ததால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-ல் ‘-எம்எஸ்-ஃப்ளெக்ஸ்பாக்ஸ்’ என்று ஒரு தனிப்பிறவி வேறு உண்டு. பழைய ‘பாக்ஸ்-பேக்’கின் ‘ஜஸ்டிஃபை’ இப்போது ‘ஜஸ்டிஃபை-கன்டென்ட்’டின் ‘ஸ்பேஸ்-பிட்வீன்’. வரிசையை மாற்றும் ‘பாக்ஸ்-ஆர்டினல்-குரூப்’ 1-லிருந்து எண்ணும், புது ‘ஆர்டர்’ 0-லிருந்து எண்ணும், ஆகவே ஒவ்வொன்றிலும் ஒன்று குறையுங்கள். ‘பாக்ஸ்-ஃப்ளெக்ஸ்’ஐ ‘ஃப்ளெக்ஸ்’ என்று மட்டும் மாற்றினால் அகலம் வேறு மாதிரி பிரியும், ஏனென்றால் பழையது உள்ளடக்கத்தின் அகலத்தை வைத்துக்கொண்டு மீதி இடத்தைத்தான் பங்கு போட்டது, புதிதில் ‘ஃப்ளெக்ஸ்’ 1 என்று எழுதினால் அடிப்படை அகலமே பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய நடத்தை வேண்டுமானால் ‘ஃப்ளெக்ஸ்-பேசிஸ்’ஸை ‘ஆட்டோ’வாக வையுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுத்திரை வசதியில் மொசில்லாவின் பழைய பெயரில் ஸ்கிரீனின் ‘எஸ்’ பெரிய எழுத்து, இறுதித் தரநிலையில் சின்ன எழுத்து, கண்ணுக்கே தெரியாது. கேமராவைக் கேட்கும் ‘கெட்யூசர்மீடியா’ முன்பு கால்பேக் வாங்கியது, இப்போது ‘மீடியாடிவைசஸ்’ கீழே போய் பிராமிஸ் தருகிறது. ‘ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம்’ தரும் நேரம் முதலில் 1970-லிருந்து எண்ணும் மில்லிசெகண்டாக இருந்தது, பிறகு பக்கம் திறந்த நொடியிலிருந்து எண்ணுவதாக மாறியது. பழைய விளையாட்டுக் கோடில் அதை ‘டேட்.நவ்’வோடு கழித்திருந்தால் பொம்மை ஒரே தாவலில் திரைக்கு வெளியே போய்விடும்.

படி 3: எழுதும் வரிசையைச் சரிசெய்யுங்கள்

சிஎஸ்எஸ்ஸில் புரியாத வரியை பிரவுசர் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இதுதான் நமக்கு இருக்கும் பெரிய வரம். ஆகவே எல்லாருக்கும் புரிகிற எளிய மதிப்பை முதலில் எழுதுங்கள், முன்னொட்டு தேவைப்பட்டால் அடுத்து, தரநிலை வரி கடைசியில். தலைகீழாக எழுதினால், இரண்டும் புரிகிற பிரவுசர் கடைசியில் வந்த பழையதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கண்ணிவெடி இருக்கிறது. பண்பு வரிக்குத்தான் இந்தச் சலுகை, செலக்டருக்கு இல்லை. இன்புட் பெட்டியின் பிளேஸ்ஹோல்டர் நிறத்துக்காக மூன்று பிரவுசர் முன்னொட்டுகளையும் கமா போட்டு ஒரே விதியில் எழுதினால், அதில் ஒன்று புரியாவிட்டாலும் மொத்த விதியும் குப்பைக்குப் போகும். ஒவ்வொன்றையும் தனித்தனி விதியாகவே எழுத வேண்டும், சோம்பல்படாதீர்கள்.

படி 4: பிரவுசரின் பெயரைக் கேட்காதீர்கள், வேலை தெரியுமா என்று கேளுங்கள்

குரோமா, சஃபாரியா என்று யூசர் ஏஜன்ட்டைப் பார்த்துப் பிரிக்கும் கோடை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ‘@சப்போர்ட்ஸ்’, ஜாவாஸ்கிரிப்டில் அந்த மெத்தட் இருக்கிறதா என்ற சோதனை, இவை போதும் என்பார்கள். முக்கால்வாசி உண்மை.

மீதிக் கால்வாசி இதுதான்: ‘@சப்போர்ட்ஸ்’ சொல்வது பிரவுசருக்கு அந்த வரி புரிகிறதா என்று மட்டும். ஃப்ளெக்ஸ் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடும் ‘கேப்’ பண்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிட்டுக்காக அது சஃபாரியில் ஏற்கெனவே இருந்தது, ஃப்ளெக்ஸுக்கு 14.1-ல், 2021 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் இருந்த பதிப்புகளிடம் ‘கேப் தெரியுமா’ என்று கேட்டால் தெரியும் என்று தலையாட்டும், ஆனால் பட்டன்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும். இதற்கு நேரடியாக அளந்து பார்ப்பதுதான் வழி. பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பெட்டியை ஜாவாஸ்கிரிப்டால் உருவாக்கி, திசையை ‘காலம்’ (நெடுவரிசை) என்று வைத்து, ‘ரோ-கேப்’ 1 பிக்சல் கொடுத்து, உள்ளே இரண்டு காலி டிவ்களைப் போட்டு, அதன் ‘ஸ்க்ரோல்ஹைட்’டைப் படியுங்கள். 1 வந்தால் வசதி உண்டு, 0 வந்தால் இல்லை. பெட்டியை அழித்துவிட்டு, முடிவை பாடி டேக்கில் ஒரு கிளாஸாக எழுதிவிடுங்கள். பத்து வரி கூட வராது.

படி 5: பாலிஃபில்லுக்கு வருங்காலப் பெயரைச் சூட்டாதீர்கள்

ஒரு வசதி வரப்போகிறது என்று தெரிந்ததும் அதே பெயரில் ‘அர்ரே’யின் புரோட்டோடைப்பில் நம் சொந்த மெத்தடை ஏற்றுவது ரொம்ப ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி ‘ஃபிளாட்டன்’ என்ற மெத்தடைத் தன் பாணியில் அப்படி ஏற்றி வைத்திருந்தது. பல ஆண்டு கழித்து மொழியிலேயே அந்தப் பெயரில் மெத்தட் வரவிருந்தபோது, அந்த லைப்ரரியில் ஓடும் பழைய தளங்கள் உடையும் என்று 2018 மார்ச்சில் தெரிந்தது. பெயரை ‘ஸ்மூஷ்’ என்று வைத்துவிடலாமா என்று யாரோ கிண்டலாகச் சொல்ல, அதைச் சிலர் உண்மை என்றே நம்பிச் சண்டை போட, கடைசியில் ‘ஃபிளாட்’ என்று சுருக்கினார்கள். இன்று நாம் ‘ஃபிளாட்’ என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். 2014-ல் ‘கன்டெய்ன்ஸ்’ என்பது ‘இன்க்ளூட்ஸ்’ ஆனதற்கும் இதே லைப்ரரிதான் காரணம்.

உங்களுக்கு மெத்தட் வேண்டுமென்றால் தனி ஃபங்ஷனாக, உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். தரநிலை முடிந்து வசதி எல்லா பிரவுசரிலும் வந்த பிறகு தேடி மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

டைப்ஸ்கிரிப்டில் டெக்கரேட்டர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ல் வந்த ‘எக்ஸ்பெரிமென்டல்டெக்கரேட்டர்ஸ்’ அமைப்பும், 2023 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் 5.0-ல் வந்த புது டெக்கரேட்டரும் ஒன்றில்லை. புதிதில் ஃபங்ஷனின் பாராமீட்டருக்கு டெக்கரேட்டர் போட முடியாது. உங்கள் ஃபிரேம்வொர்க் பழையதை நம்பியிருந்தால் அந்த அமைப்பைத் தொடாதீர்கள், ஃபிரேம்வொர்க் மாறும்போது சேர்ந்து மாறுங்கள். இரண்டையும் ஒரே புராஜெக்டில் கலக்க முயற்சி செய்து ஒரு வார இறுதியை இழந்த பிறகு சொல்கிறேன்.

படி 6: புது வசதியை எடுக்கலாமா என்று முடிவெடுப்பது

வெப் தரநிலைகளை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பின் ஆவணத்தின் தலையில் நிலை எழுதியிருக்கும். ‘எடிட்டர்ஸ் டிராஃப்ட்’ என்றால் நாளைக்கே மாறலாம், ‘வொர்க்கிங் டிராஃப்ட்’ என்றால் அடுத்த மாதம் மாறலாம், ‘கேண்டிடேட் ரெகமண்டேஷன்’ என்றால் ஓரளவு நிம்மதி. டிசி39-ல் நான்காம் கட்டம்தான் முடிந்தது என்று அர்த்தம், மூன்றின் கதையை மேலே பார்த்தீர்கள். எச்டிஎம்எல் மாதிரியான ‘லிவிங் ஸ்டாண்டர்ட்’ ஆவணங்களின் தலையில் இப்படிக் கட்டம் எதுவும் எழுதியிருக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த முத்திரையை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு எஞ்சின்கள் ஃபிளாக் இல்லாமல் இதை வெளியிட்டிருக்கின்றனவா? குரோம், எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் நான்கிலும் ஓடுகிறது என்றால் அது நான்கு சாட்சி இல்லை, ஒரே சாட்சிதான், நான்குக்கும் எஞ்சின் ஒன்று. ஐபோனிலும் பெரும்பாலான நாடுகளில் பெயர் எதுவானாலும் உள்ளே வெப்கிட்தான். ஒரே எஞ்சினில் மட்டும் வாழ்ந்தது எப்படி முடியும் என்பதற்கு ‘ஆப்ஜெக்ட்.அப்சர்வ்’ இருக்கிறது: குரோம் 36-ல் வந்தது, 2015 நவம்பரில் முன்மொழிந்தவர்களே திரும்பப் பெற்றார்கள், குரோம் 50-ல் போனது.

எல்லாரும் ஒரே கோடை வைத்திருந்தாலும் இதே கதிதான். பிரவுசருக்குள் டேட்டாபேஸ் தந்த வெப் எஸ்க்யூஎல், செய்தவர்கள் எல்லாருமே அடியில் எஸ்க்யூலைட்டையே வைத்திருந்ததால், சுயேச்சையான இரண்டாவது ஆக்கம் இல்லை என்று 2010-ல் நின்றது.

சரியாக நடந்த கதையும் உண்டு. கிரிட்டை மைக்ரோசாஃப்ட் 2011-ல் முன்வைத்தது, ‘-எம்எஸ்-கிரிட்’ 2012-லேயே வந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் அவசரப்படாமல் ஃபிளாக்குக்குப் பின்னால் வைத்தே ஆண்டுக்கணக்கில் சீவிக்கொண்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றும் ஒரே மாதத்தில் முன்னொட்டு இல்லாமல் வெளியிட்டன. முன்னால் ஓடிய மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசர்தான் புது இலக்கணத்துக்கு அந்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

இதையெல்லாம் தோண்ட நேரமில்லை என்றால் ‘பேஸ்லைன்’ முத்திரையைப் பாருங்கள். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டால் ‘புதிதாகக் கிடைப்பது’, அதிலிருந்து 30 மாதம் ஆனால் ‘பரவலாகக் கிடைப்பது’. பொதுமக்கள் பணம் கட்டும், விண்ணப்பம் போடும் பக்கம் என்றால் நான் இரண்டாவதைத் தாண்டுவதில்லை. அழகுக்காகச் செய்யும் அசைவு, நிழல் இவற்றில் தாராளமாக விளையாடலாம், ஓடாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வரைவு என்றால் இன்னும் ஜாக்கிரதை. வெப்சாக்கெட்டின் 76-வது வரைவை சிலர் லைவிலேயே நம்பியிருந்தபோது, நடுவில் உள்ள பிராக்ஸிகளை ஏமாற்றி கேஷைக் கெடுக்க முடியும் என்று தெரியவந்தது. 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் ஓபராவும் அதை அணைத்தே வைத்துவிட்டன. ஓராண்டு கழித்துத்தான் ஆர்எஃப்சி 6455 என்று இறுதி வடிவம் வந்தது, பழைய வரைவோடு கைகுலுக்கவே தெரியாத வடிவம்.

படி 7: ஃபிளாக்கைத் தனி பிரவுசரில் வையுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் இதில் பட்ட அவமானம் பெரிது. ஒரு கிளையன்ட்டுக்கு என் லேப்டாப்பில் டெமோ காட்டினேன், அருமையாக ஓடியது. அவர் தன் கணினியில் அதே லிங்க்கைத் திறந்தார், மெனு வரவே இல்லை. மூன்று மாதம் முன்பு ஏதோ பரிசோதனைக்காக குரோமில் சோதனை வசதிகளுக்கான ஃபிளாக்கை ஆன் செய்து மறந்திருந்தேன். வேலைக்கென்று தனி புரொஃபைல் வைத்திருந்தும் தப்பவில்லை, ஃபிளாக் புரொஃபைலுக்கு ஏற்ப மாறுவதில்லை, அந்த குரோம் முழுவதற்கும் ஒன்றுதான். அன்றிலிருந்து ஃபிளாக் எல்லாம் குரோமின் சோதனைப் பதிப்பான கேனரியில் மட்டும், அன்றாட குரோமில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

உண்மையான பயனர்களிடம் வரைவைச் சோதிக்கத்தான் வேண்டும் என்றால் ‘ஆரிஜின் டிரயல்’ என்று முறையான வழி இருக்கிறது. உங்கள் டொமைனுக்கு ஒரு டோக்கன் தருவார்கள், கெடு முடிந்ததும் வசதி தானாக நின்றுவிடும். குரோமின் மொத்தப் பக்கத் திறப்புகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினாலும் நிறுத்திவிடுவார்கள், முன்னொட்டு மாதிரி ஊர் முழுக்கப் பரவி நிரந்தரமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வரம்பு. டோக்கன் நின்ற நாளில் பக்கம் எப்படி இருக்கும் என்று, டோக்கனை எடுத்துவிட்டு ஒரு முறை முன்கூட்டியே பாருங்கள்.

படி 8: சோதனை

ஃபயர்ஃபாக்ஸ், நிஜ ஐபோன், இரண்டு மூன்று வருடம் ஓடிய ஆண்ட்ராய்டு போன். இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான சிக்கல் வெளியே வந்துவிடும். ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடுதான் புதுப்பிக்கப்படும், ஐபோன் 7 வைத்திருப்பவர் ஐஓஎஸ் 15-லேயே நின்றுவிட்டார், அவர் ஸ்டோருக்குப் போய் வேறு பிரவுசர் போட்டாலும் உள்ளே எஞ்சின் அதேதான். எந்தெந்த பிரவுசருக்காகக் கோடைத் தயாரிப்பது என்று கருவிகளுக்குச் சொல்லும் பிரவுசர்ஸ்லிஸ்ட் அமைப்பை இயல்புநிலையில் விடாமல் உங்கள் தளத்தின் நிஜ வருகைக் கணக்கைப் பார்த்து எழுதுங்கள்.

படி 9: எடுத்த வரைவுக்கு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

என் புராஜெக்ட்களில் வரைவு வசதி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கமென்ட் இருக்கும். எந்த ஆவணம், எந்தத் தேதி வரைவு, எந்தெந்த எஞ்சினில் அன்று ஓடியது, இல்லாவிட்டால் பயனர் என்ன பார்ப்பார், அடுத்து எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். எல்லாக் கமென்ட்டும் ‘வரைவு’ என்ற தமிழ்ச் சொல்லில் தொடங்கும், வேறு எங்கும் அந்தச் சொல் வராது என்பதால் ஒரே தேடலில் அத்தனையும் கிடைத்துவிடும். திரும்பிப் பார்க்கும் தேதியை காலண்டரிலும் போட்டுவிடுவேன், கமென்ட் யாரையும் எழுப்பிவிடாது.

இப்போதைக்கு அந்தத் தேடலில் எனக்கு ஏழு வருகிறது. அதில் ஒன்று மேசன்ரி அடுக்கு (வெவ்வேறு உயரப் பெட்டிகளை நடுவில் வெற்றிடம் இல்லாமல் அடுக்குவது): ஃபயர்ஃபாக்ஸில் 2020-லிருந்து ஃபிளாக்குக்குப் பின்னால் இருக்கிறது, கிரிட்டுக்குள் வைப்பதா தனி டிஸ்பிளேயாக வைப்பதா என்று 2024-லும் வாக்குவாதம் ஓடியது. அதன் சீட்டில் பயனர் என்ன பார்ப்பார் என்ற இடத்தில் ‘சாதாரண மூன்று பத்தி கிரிட், நடுவில் கொஞ்சம் வெற்றிடம்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வெற்றிடத்தைப் பற்றி இதுவரை யாரும் போன் பண்ணவில்லை.